கப்பல் தண்ணீரில் வந்த மட்டி

வைகாசி 14, புதன்

உப்பளத்துக்குப் பின்னாலுள்ள உப்பங்கழியில் மட்டிச் சிப்பி அள்ளிப் பிழைக்கும் என் தங்கச்சி காசியம்மாள், இன்று காலிக் கூடையோடு வந்தாள். கறுப்பாக ஒரு புது மட்டி கொத்துக் கொத்தாக ஒட்டி, நம் மட்டியையெல்லாம் மூடிவிட்டதாம்.

"கப்பலெல்லாம் பாத்தவன் நீதாண்ணா. இது எங்கேர்ந்து வந்துது?"

விடுவேனா? துறைமுகத்தில் நான் கழுவாத கப்பல் தொட்டி கிடையாது. சரக்கில்லாத கப்பல் சாயாமலிருக்க எங்கேயோ கடல்தண்ணீரை நிரப்பி, இங்கே வந்து கொட்டுவார்கள். அதில் வந்த மட்டிக் குஞ்சுதான் என்றேன். இப்போதெல்லாம் தண்ணீரை வடிகட்டி, புற ஊதா விளக்கு வெளிச்சத்தில் குஞ்சைக் கொன்றபிறகே கொட்டுகிறார்கள், அந்த விளக்குக்குக் கேப்டனே என் தோளில் கைபோட்டு யோசனை கேட்டார் என்றும் சொன்னேன்.

"அப்ப அந்த வெளக்க நம்ம கழியிலயும் போடச் சொல்லேன்."

தொட்டிக்குள் இருக்கும்வரைதான் அந்த விளக்கு. வெளியே வந்து ஒட்டிக்கொண்டதை எந்தக் கேப்டனாலும் ஒன்றும் செய்ய முடியாது. தெரிந்தும், அவள் முகத்தைப் பார்த்து, "போட்டுடலாம், நம்ம ஆளு இருக்கறாரு" என்று சொல்லிவிட்டேன்.

நம்பிவிட்டாள். கூடையைக் கழுவி என் வாசலில் கவிழ்த்து, "வெளக்கு போட்டதும் வந்து எடுத்துக்கறேன்" என்று போய்விட்டாள்.

இதை எழுதும்போதும் கூடை அங்கேதான் கிடக்கிறது.