முருகனுக்குப் பின்னால் இருந்த சுவர்

சனிக்கிழமை காலை முருகனைச் சுவரிலிருந்து இறக்கினேன். தீபாவளிக்கு முன் வருடா வருடம் செய்வதுதான். ஸ்டூலில் ஏறுவது மட்டும் எப்போதும் நீ. நான் கீழே நின்று வாங்கிக்கொள்வேன். இந்த வருடம் நானே ஏறினேன். படத்தைத் திருப்பினால், சட்டத்தின் முதுகில் உன் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் இன்னும் இருக்கிறது. உன் கோணல் எழுத்து: "முருகா, மன்னிச்சுக்கோ. பத்து நிமிஷம்தான்."

அதன்மேல் ஒரு குங்குமப் பொட்டு. அம்மா வைத்தது. படத்துக்கு முன்னால் ஒன்று, பின்னால் உன் ஸ்டிக்கருக்கு ஒன்று. எட்டு வருடமாக இதுதான் வழக்கம்.

பிறகு சுவரைப் பார்த்தேன். மேல் மூலையில் உள்ளங்கை அகலத்துக்குச் சாயம் பொரிந்திருந்தது. மூக்கைக் கொண்டுபோய் வைத்தேன். ஈரத்துணியை மூட்டையாகக் கட்டி மறந்துபோன வாசனை. நியாயமாகத் துக்கம் வந்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

உனக்கு நினைவிருக்கும். கிள்ளான் வாடகை வீட்டிலிருந்து இந்தப் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடிக்கு நாங்கள் வந்த முதல் வருடம் அம்மாவுக்கு இருமல் பிடித்தது. சாமான் அறையாகக் கட்டித் தந்த சின்ன அறையை அம்மா சாமி அறை ஆக்கியிருந்தாள். காலையில் உள்ளே போய்க் கதவைச் சாத்தினால் ஒரு மணி நேரம் ஆகும் வெளியே வர. விளக்கு அணைந்துவிடும் என்று ஜன்னலையும் திறக்க விடமாட்டாள். சாம்பிராணி தினமும். டாக்டர் கொடுத்த மூச்சு மருந்துப் பம்பை இழுத்துக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்தே தூங்குவாள். கடைசியில் ஒருநாள் பெட்டியைக் கட்ட ஆரம்பித்தாள்.

"எனக்கு இந்த வீடு ஆகல. சாமிக்கும் புடிக்கல. நான் கிள்ளானுக்கே போயிடுறேன், நீ இரு."

எழுபதை நெருங்குகிறவளை, அந்த மூச்சை வைத்துக்கொண்டு, தனியாக எப்படி அனுப்புவது? உன்னிடம் போனில் சொன்னேன். யோசனை கேட்கக்கூட இல்லை, புலம்பத்தான். நீ கேட்டது ஒன்றே ஒன்று: "வீட்டுல ஸ்டூல் இருக்கா?"

புது வீட்டின் சாவியை வாங்கியவர்களுக்காக அதை அங்குலம் அங்குலமாகச் சோதிப்பது உன் தொழில். பல்கலைக்கழக விடுதியில் ஒரே அறையில் இருந்த காலத்திலிருந்தே நீ எதையாவது தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருப்பாய். நான் புள்ளியியல் படித்தவள், எதையும் லேசில் நம்புவதில்லை. உன்னையும் வாஸ்துக்காரரையும் ஒரே தட்டில் வைத்துக் கேலி செய்திருக்கிறேன். "அவரு திசையைப் பாத்துட்டுப் போயிடுவாரு. நான் சுவத்துக்குப் பின்னாடி பாப்பேன். அவ்வளவுதான் லா வித்தியாசம்" என்பாய்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காஜாங்கிலிருந்து ரயிலேறி வந்து இறங்கினாய். கையில் டார்ச், பழுதைக் குறிக்க ஒரு சுருள் சிவப்பு ஸ்டிக்கர், நுனியில் இரும்புக் குண்டு வைத்த நீளக் கம்பி. தரை ஓடுகளைத் தட்டிக்கொண்டே நடந்தாய். உள்ளே வெற்றிடம் இருந்தால் சத்தம் மாறும் என்றாய். மின்பெட்டியைத் திறந்தாய்.

"இதை மாசம் ஒரு தடவை அமுக்குறியா?"

"எதை?"

"டெஸ்ட்னு எழுதியிருக்கே, யுனிவர்சிட்டி போனவளே, இதை!"

அமுக்கினாய். வீடே அணைந்தது. கூடத்திலிருந்து "ஐயோ, என் சீரியல்!" என்று அம்மா அலறினாள். "நல்லதும்மா, ஷாக் அடிச்சா இது உங்களைக் காப்பாத்தும்" என்று இருட்டில் கத்தினாய். குளிர்பதனப் பெட்டியை இழுத்து, பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டில் டார்ச் அடித்தாய். உள்ளே புழுக்கள் நெளிந்தன. "கொசுப் பண்ணை வச்சிருக்கே. டெங்கி ஆபீசர் வந்தாருன்னா உனக்குப் பரிசுதான்." வாசல் கிரில்லின் பூட்டுச் சாவி என் கைப்பைக்குள் இருப்பதைக் கேட்டதும் மட்டும் நீ சிரிக்கவில்லை. அம்மா பகலெல்லாம் விளக்கோடு தனியாக இருக்கிறாள், தீப்பிடித்தால் எதைத் திறந்து வெளியே வருவாள் என்று கேட்டாய். அன்றே கதவருகே ஓர் ஆணி அடித்துச் சாவியை மாட்டினாய்.

சாமி அறையில்தான் சிக்கல். அம்மா வாசலை மறித்து நின்றாள்.

"அந்தப் படத்தைத் தொடக்கூடாது. ஐயர் நல்ல நேரம் பாத்து மாட்டுனது."

நான் வாதாடினேன். ஈரப்பதம், காற்றோட்டம், தர்க்கம் எல்லாம் பேசினேன். அம்மா அசையவில்லை. நீ போய் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தாய்.

"ம்மா, நான் குளிச்சிட்டுதான் வந்தேன். வேணும்னா இன்னொரு தடவை குளிக்கிறேன்."

விளையாட்டுக்குச் சொல்கிறாய் என்று நினைத்தேன். நிஜமாகவே குளிக்கப் போய்விட்டாய். தண்ணீர் சத்தத்துக்கு நடுவே டொக், டொக் என்று குளியலறை ஓடுகளைத் தட்டும் சத்தம் கேட்டது. அம்மாவுக்கே சிரிப்பில் உதடு துடித்தது. என் பூப்போட்ட பாத்தேக் கைலியைக் கட்டிக்கொண்டு ஈரத் தலையோடு வந்தாய். ஸ்டிக்கரில் எதையோ எழுதிப் படத்தின் பின்னால் ஒட்டினாய். பிறகு முகமூடி போட்டுக்கொண்டு முருகனை மெதுவாக இறக்கினாய்.

படத்தின் அளவுக்குச் சதுரமாகக் கரும்பூஞ்சை. வெல்வெட்டு மாதிரி.

அம்மா கிட்டே வந்து எட்டிப் பார்த்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்: "பாவம், இவ்வளவு நாளா இதுலயா சாஞ்சிட்டு இருந்தாரு?"

ஈரம் மேல் வீட்டிலிருந்து வருகிறது என்றாய். ஞாயிற்றுக்கிழமை மதியம் முன்பின் தெரியாதவர் வீட்டுக் கதவைத் தட்டுவதா என்று நான் தயங்க, என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு படியேறினாய். கதவைத் திறந்தவர் ஓய்வுபெற்ற ஒரு யாழ்ப்பாணத்து அங்கிள்.

"சாரி அங்கிள், உங்க பாத்ரூமைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அவர் உன்னை ஏற இறங்கப் பார்த்தார். "வாறவை எல்லாம் தண்ணி கேப்பினம் பிள்ளை. நீர் பாத்ரூமை எல்லோ கேக்கிறீர்."

அவர் குளியலறையை இடித்துப் பெரிதாக்கியிருந்தார். அதன் புதிய பாதி எங்கள் சாமி அறைக்கு நேர் மேலே. நீ வடிகாலைத் துணியால் அடைத்துத் தண்ணீர் நிரப்பினாய். பையிலிருந்து கேக்குக்குப் போடும் சிவப்புக் கலர் புட்டியை எடுத்து ஊற்றினாய். ஓட்டை இருந்தால் கீழே சிவப்பு தெரியும், அது போதும் ஆதாரம் என்றாய். "நாளைக்கு வரைக்கும் இங்க குளிக்காதீங்க அங்கிள்." "ஒரு நாள் குளிக்காட்டி ஒண்டும் குறையாது" என்றார் அவர்.

கீழே வந்து விஷயத்தைச் சொன்னதும் அம்மா பொங்கினாள்: "முருகன் தலைக்கு மேலயா அந்த மனுஷன் குளிக்கிறாரு?"

கலர் ஊற்றியதை மட்டும் நாம் அம்மாவிடம் சொல்லவில்லை. "நீ சொல்லிடு" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினாய். நான் மறந்துபோனேன்.

மறுநாள் மாலை வேலை முடிந்து வந்தால், வாசலில் ஆறு ஜோடிச் செருப்பு. தாழ்வாரம் முழுக்கக் கற்பூர வாசனை. சாமி அறைக்கு முன்னால் பக்கத்து வீட்டுப் பெண்கள் பஜனை பாடிக்கொண்டிருந்தார்கள். சுவரில் சிவப்புச் சிவப்பாகக் கோடு இறங்கியிருந்தது. அம்மாவின் கண்ணில் கண்ணீர்.

"வாடி, வந்து பாரு! முருகன் குங்குமமா சொரியிறாரு!"

நான் வாயைத் திறந்தேன். உண்மையைச் சொல்வதில் எனக்கு எப்போதும் அவசரம். ஆனால் அம்மாவின் முகத்தைப் பார்த்தபின் அடுக்களைக்குப் போய் உனக்குப் போன் செய்தேன். நீ பத்து விநாடி சிரித்தாய். பிறகு உன் குரல் மாறியது. "நான் வர்ற வரைக்கும் நீ ஒண்ணும் பேசாதே. தயவு செஞ்சு பேசிடாதே."

வந்தாய். செருப்பைக் கழற்றி, கால் கழுவி, விபூதி எடுத்துப் பூசிக்கொண்டு, சுவருக்கு முன்னால் கைகூப்பி நின்றாய். பிறகு அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாய்.

"ம்மா, ஓட்டை எங்க இருக்குன்னு காட்டுன்னு நேத்து நான் முருகன்கிட்ட கேட்டேன். காட்டிட்டாரு."

மெல்ல, புட்டி முதல் வடிகால் வரை எல்லாவற்றையும் சொன்னாய். அம்மா எழுந்து போய்ச் சுவரில் விரலை ஒற்றி முகர்ந்தாள்.

"ஸ்ட்ராபெரி வாசனை வருது" என்றாள்.

முதலில் சிரித்ததும் அவள்தான். இருமல் வரும்வரை சிரித்தாள். அடுத்த வீட்டு ஆன்டி குழம்பிப்போய், "அப்ப பஜனை?" என்று கேட்டார். "பஜனை என்னைக்கும் வீண் போகாது ஆன்டி, முடிச்சிட்டே போங்க" என்றாய். நீயும் உட்கார்ந்து கை தட்டினாய். நான் கதவோரம் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். நானும் இதே உண்மையைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் அம்மா அன்றே கிள்ளானுக்குப் போயிருப்பாள்.

அங்கிள் தரையை உடைத்துச் சரிசெய்தார். நம் சுவரைச் சுரண்டிக் காயவிட்டுப் புதுச் சாயம் பூசினார்கள். காற்றிலும் அணையாத கண்ணாடிக் கூண்டு விளக்கு ஒன்றை நீ வாங்கிவந்தாய். அதைப் பார்த்த பிறகுதான் அம்மா ஜன்னலைத் திறந்தாள். சாம்பிராணியை வெள்ளிக்கிழமைக்கு மட்டும் என்று நிறுத்திக்கொண்டாள். இருமல் உடனே போய்விடவில்லை. குறைந்தது. பூஞ்சை போனதாலா, புகை போனதாலா, மருந்தாலா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஒரே ஒரு வீட்டை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. அம்மா படுத்துத் தூங்க ஆரம்பித்தாள் என்பது தெரியும். பெட்டி பரண் மேல் ஏறியது, இன்றுவரை இறங்கவில்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் ஆஸ்பத்திரியில் உன்னைக் கடைசியாகப் பார்த்தபோது, படுத்தபடியே சுவரில் பதித்த ஓடுகளை விரல் முட்டியால் தட்டினாய். "நல்லா ஒட்டியிருக்கான் லா" என்று பாராட்டினாய். பிறகு மிச்சமிருந்த ஸ்டிக்கர் சுருளை என் கையில் திணித்தாய். எனக்கு எதற்கு என்று கேட்டேன். "சுவரெல்லாம் எங்கயும் போயிடாது" என்றாய்.

நேற்று மின்தூக்கி வாசலில் பத்து நிமிடம் நின்றேன். மேல் வீட்டு அங்கிள் முன்பே அறிமுகமானவர்தான், ஆனாலும் இந்த எட்டு வருடத்தில் அவரோடு பேசியதெல்லாம் நீதான், நான் பக்கத்தில் நின்றிருக்கிறேன். கடைசியில் போய்த் தட்டினேன்.

"சாரி அங்கிள், உங்க பாத்ரூமைக் கொஞ்சம் பாக்கலாமா?"

அங்கிள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். "எங்க மற்றப் பிள்ளை?"

சொன்னேன். நீ போய்விட்டதைக் கேட்டதும் அவர் கதவை அகலத் திறந்துவிட்டார். "அப்ப இனி நீர்தான் பாத்ரூம் பாக்கிறனீரோ?" என்றார். "ஆமா அங்கிள்" என்றேன். உள்ளே போய் ஒரு புட்டியோடு வந்தார். அடியில் இன்னும் சிவப்பு மிச்சமிருந்தது. அதன்மேல் உன் ஸ்டிக்கர்: "அங்கிள், இது கலர். டீயில ஊத்திடாதீங்க."

"இண்டைக்கு வரைக்கும் ஊத்தேல்லை" என்றார் அங்கிள்.

இருவரும் குளியலறை வாசலில் நின்று சிரித்தோம். வடிகாலை நானே அடைத்தேன். நானே ஊற்றினேன். கீழே இறங்கி வந்ததும் முதல் வேலையாக அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

இன்று காலையிலிருந்து அம்மா காபியோடு சாமி அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஜன்னல் திறந்திருக்கிறது. நான் கூடத்தில் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இப்போது கூப்பிடுகிறாள். "ஏய், வந்துட்டாரு! ஓடியா, வந்துட்டாரு!"

போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். மெல்லிய கோடுதான், ஆனால் சிவப்பு. அங்கிளுக்குச் சொல்லியாயிற்று; நாளைக்கே ஆள் கூப்பிடுகிறாராம். முருகன் என் அறையில் அலமாரிமேல் இருக்கிறார், சில வாரம் அங்கேதான். சுருளிலிருந்து ஒரு ஸ்டிக்கரைப் பிய்த்தேன். என்ன எழுதுவது என்று வெகு நேரம் யோசித்தேன். உன்னளவுக்கு எனக்கு வேடிக்கை வராது. கடைசியில் எழுதி, உன்னுடையதற்குக் கீழே ஒட்டினேன்.

"முருகா, மறுபடியும் நாங்கதான்."

அம்மா குங்குமச் சிமிழோடு வந்து இரண்டுக்கும் பொட்டு வைத்தாள்.