தேடல் பக்கத்தில் அழிந்துபோன ஒரு வரி

அனுப்புநர்:
வ. ராஜகோபால், எம்.ஏ.,
சந்நிதித் தெரு, சின்ன காஞ்சிபுரம்.

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
வேகவதி அறக்கட்டளை நூலகம், காஞ்சிபுரம்.

பொருள்: இணைய நூற்பட்டியலில் எங்கள் குடும்பக் கணக்கின் தேடல் வரலாறு அழிக்கப்பட்டது, கடவுச்சொல் மாற்றப்பட்டது – பழையபடி ஆக்கித் தரக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. காலமான என் தந்தையார் பெயரில் தங்கள் நூலகத்தில் ஒரு குடும்ப ஆயுள் கணக்கு உள்ளது. வாசிப்பறை மின்விசிறி குறித்து முன்பு நான் அனுப்பிய மனுக்களுக்கு இன்றுவரை பதில் இல்லை. இது அவ்வகை மனு அன்று.

2. இணையப் பட்டியல் வந்தபோது நூலகம் கொடுத்த கடவுச்சொல் தந்தையாரின் பிறந்த தேதி. அதை நான் மாற்றவில்லை. சென்ற ஆண்டு தேடல் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்தபோது, நான் தேடாத தலைப்புகள் அதில் இருந்தன: தாமல் ஏரிப் பறவைகள், சர்க்கரை நோய்க்கு உணவு, நீல அட்டை நட்சத்திரப் புத்தகம். மூன்றாவதைப் படித்ததும் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. நாக்பூரில் இருக்கும் என் தம்பி பாச்சா. அந்தப் புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் சிறுவயதில் நாங்கள் மொட்டைமாடியில் வானம் பார்த்தோம். நாக்பூரிலிருந்து புத்தகம் எடுக்க முடியாது. தேட மட்டும் முடியும்.

3. தந்தையார் மறைந்தபின், கோயில் பாராயண கோஷ்டியில் அவர் நின்ற இடம் யாருக்கு என்பதில் எங்களுக்குள் பேச்சு நின்றது. தவறு என்னுடையதன்று. அவ்விடம் இப்போது மூன்றாம் மனிதரிடம் உள்ளது. தந்தையாரின் திவசத்தையும் ஆளுக்கொரு ஊரில் தனித்தனியே செய்துவருகிறோம்.

4. அவனுக்குப் புத்தகத்தின் பெயர் மறந்திருந்தது. எனக்கு மறக்கவில்லை. அதைத் தேடல் பெட்டியில் இட்டேன், வேறெதுவும் எழுதவில்லை. மறுவாரம் அவன் அதே பெயரைத் தேடியிருந்தான். அதன்பின் காலையில் செய்தித்தாளுக்கும் முன்னால் அந்தப் பக்கத்தைத்தான் பார்த்தேன். அவன் மகள் எந்தப் பரீட்சைக்குப் படிக்கிறாள் என்பதுகூட அதில்தான் தெரிந்தது. பல நாள் ஒன்றும் இருக்காது. அந்த நாள்கள் எளிதில் போகவில்லை.

5. இம்மாதம் ஐந்தாம் தேதி அங்கே இப்படி ஒரு வரி இருந்தது: “அண்ணா, அப்பா திவசத்துக்கு அங்கே வரட்டுமா?” எதிரே, ‘நூல் எதுவும் கிடைக்கவில்லை’ என்று தங்கள் கணினி காட்டியது. என்ன பதில் இடுவது என்று யோசித்தேன். யோசிக்க எனக்கு உரிமை உண்டு. அதற்குள் கணக்கு திறக்காமல் போயிற்று. நேரில் வந்து கேட்டதற்குக் கணினிப் பிரிவு ஊழியர் திரு. தேவேந்திரன் சொன்னது: “எவனோ உங்க நம்பர்ல பூந்து ஆட்டம் காட்டிக்கினு இருந்தான் சார். எல்லாத்தையும் தொடச்சிட்டேன். நீங்க நிம்மதியா தூங்குங்க.” நல்லெண்ணத்தில்தான் செய்தார் என்று வைத்துக்கொள்கிறேன்.

6. தம்பியின் தொலைபேசி எண்ணோ முகவரியோ என்னிடம் இல்லை. அவற்றை வைத்திருக்கும் உறவினர்களோடு எனக்குப் பேச்சு இல்லை. புதிய கடவுச்சொல் அவனுக்குத் தெரியாது. திவசம் வரும் 27ஆம் தேதி. கேட்டதற்கு நான் கதவைச் சாத்திவிட்டேன் என்றே அவன் நினைப்பான்.

7. ஆகவே, அழித்தவை திரும்ப வராவிட்டாலும், பழைய கடவுச்சொல்லையும் தேடல் வரலாற்றுப் பக்கத்தையும் உடனே மீட்டுத் தருமாறு வேண்டுகிறேன். அதுவரை, கணக்கு திறக்கவில்லை என்று நாக்பூரிலிருந்து யாரேனும் தொலைபேசியில் கேட்டால், அந்நியர் என்று வைத்துவிட வேண்டாம். இந்த வருடம் பிள்ளைகள் இருவரும் சேர்ந்தே திவசம் செய்கிறோம் என்று சடங்கு செய்துவைக்கும் வாத்தியாரிடம் நான் சொல்லிவிட்டதாக அவனிடம் தெரிவிக்கவும்.

இடம்: சின்ன காஞ்சிபுரம்
நாள்: 12.11.2008

தங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
(ஒப்பம்)
வ. ராஜகோபால்