ஃப்ரீசர் கதவை மாணவி திறந்து வைக்கவில்லை

அனுப்புநர்:
கோ. முனிகிருஷ்ணன்,
ஆய்வக உதவியாளர், நுண்ணுயிரியல் துறை.
(வீடு: ஈஜிபுரா, பெங்களூரு)

பெறுநர்:
முனைவர் ஸ்ரீகண்டன் அவர்கள்,
கல்லூரி முதல்வர், பெங்களூரு.

பொருள்: மாணவி சங்கமித்ரா மீதான நடவடிக்கையை ரத்து செய்து, என் மீது நடவடிக்கை எடுக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எனக்குக் கன்னடம் பேச வரும், எழுத வராது. தாங்கள் தமிழ் படிப்பீர்கள் என்பதால் தமிழிலேயே எழுதுகிறேன். யாரும் சொல்லி எழுதவில்லை.

1. சங்கமித்ரா முதுகலை இரண்டாம் ஆண்டு படிக்கிறார். புண்ணில் சீழ் பிடிக்க வைக்கும், எந்த மருந்துக்கும் மசியாத ஒரு கிருமியைக் கொல்லக்கூடிய வைரஸை மண்ணில் தேடினார். துறையில் இதை ஃபேஜ் என்பார்கள். பதினேழு இடத்து மண்ணில் ஒன்றுமில்லை. கடைசியில் லிங்கராஜபுரத்தில் ஒரு மாட்டுக்கொட்டகைச் சாக்கடையோர மண்ணில் கிடைத்தது. கிருமி படர்ந்த தட்டில் ஊசிமுனை அளவு தெளிந்த புள்ளிகள். ஃபேஜ் கிருமியைத் தின்ற இடம் அது. தட்டு கழுவுகிற என்னைக் கூப்பிட்டு, "அண்ணா, முதல்ல நீங்க பாருங்க" என்று வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இருபத்தாறு வருடத்தில் என்னை அப்படி யாரும் கூப்பிட்டதில்லை.

2. பிறகு ஐந்து மாதம், ஒரு புள்ளியிலிருந்து எடுத்துத் திரும்பத் திரும்ப வளர்த்து அதைத் தனியாகப் பிரித்தார். எந்தச் சூட்டைத் தாங்கும், எந்தப் புளிப்பில் சாகும் என்று சோதித்தார். எலக்ட்ரான் நுண்ணோக்கியில் படம் எடுப்பது மட்டும் பாக்கி. பிரித்த ஃபேஜ் முழுவதும் நான்கு குழாய்களில் ஃப்ரீசரில் இருந்தது.

3. ஆயுத பூஜையை எங்கள் துறையில் முந்தைய நாளே, 30.9.2025 செவ்வாயன்று செய்தோம். காலை 11.20க்கு சங்கமித்ரா ஃப்ரீசரை மூடிவிட்டுப் பதிவேட்டில் கையெழுத்திட்டார். மூன்று மணிக்கு நான் இயந்திரங்களைத் துடைத்து, குங்குமம் வைத்து, மாலை போட்டேன். ஃப்ரீசரின் பிளக்கைப் பிடுங்கி, அந்த இடத்தில் சீரியல் லைட்டைச் சொருகியவன் நான். பூஜை முடிந்ததும் லைட்டைக் கழற்றினேன். பிளக்கைத் திரும்பச் சொருகவில்லை. பொரிகடலைப் பொட்டலத்தோடு வீட்டுக்குப் போய்விட்டேன். கல்லூரிக்கு ஐந்து நாள் விடுமுறை.

4. 6.10.2025 திங்கள் காலை முதலில் வந்து ஆய்வகத்தைத் திறந்தவனும் நான். தரையில் தண்ணீர். துடைத்தேன். பிளக்கைச் சொருகினேன். யாரிடமும் சொல்லவில்லை. மற்றவர்கள் வந்தபோது ஃப்ரீசர் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே எல்லாம் உருகியிருந்தது. ஆகவே யாரோ கதவைச் சரியாக மூடவில்லை என்று முடிவாயிற்று. கடைசிக் கையெழுத்து சங்கமித்ராவுடையது. விசாரணையில் என்னையும் கேட்டார்கள். "கொத்தில்லா சார்", தெரியாது என்றேன். சங்கமித்ரா என் பக்கத்தில்தான் நின்றார். அவருடைய ஆய்வக அனுமதி ரத்து. அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்கச் சொல்லிவிட்டார்கள்.

5. எனக்கு ஓய்வு பெற ஒரு வருடம் ஏழு மாதம் இருக்கிறது. பயந்துதான் மறைத்தேன். இப்போது பயமும் இல்லை. சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், வேலைக்கு வருகிறேன். எதுவும் உறைக்கவில்லை. நேற்று என் மனைவி சரசுவிடம் சொன்னேன். "அந்தப் பொண்ணுகிட்ட சொன்னியா?" என்று மட்டும் கேட்டாள். இன்னும் இல்லை. இந்த மனுவின் நகலை அவரிடம் கொடுக்கப் போகிறேன்.

6. குழாய்கள் கெட்டுவிட்டன என்கிறார்கள். யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஐம்பது டிகிரி வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தும் அந்த ஃபேஜ் சாகவில்லை. அன்று கடிகாரம் பார்த்துக்கொண்டு தொட்டியருகே நின்றவன் நான். ஆறு நாள் அறைச் சூட்டையும் தாங்கியிருக்கலாம். நான் படித்தவன் அல்ல. ஆனால் குழாயில் உள்ளதைக் கிருமியோடு கலந்து ஒரு தட்டு ஊற்றி வைத்தால் மறுநாள் தெரிந்துவிடும். புள்ளி விழுந்தாலும் விழாவிட்டாலும் தண்டனை எனக்கே உரியது.

ஆகவே சங்கமித்ராவை ஆய்வகத்துக்குள் விட்டு, அந்த ஒரு தட்டை அவர் கையாலேயே ஊற்ற அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன். உத்தரவு 13.10.2025 திங்கள் காலை பத்து மணிக்குள் வந்தால் நல்லது. பத்து மணிக்கு நான்கு குழாய்களையும் ஆட்டோகிளேவ் என்ற நீராவிக் கலனில் வைத்து அவித்து அழித்துவிடும்படி துறைத் தலைவர் என்னிடம்தான் சொல்லியிருக்கிறார்.

இடம்: பெங்களூரு
நாள்: 11.10.2025

உண்மையை மறைத்ததை ஒப்புக்கொள்ளும்,
கோ. முனிகிருஷ்ணன்