நேராவே கேட்டுட்டேன்

வியாழக்கிழமை, ராத்திரி

கண்டெய்னர் யார்டுல மனநல முதலுதவி பயிற்சி வச்சப்போ, எங்க செக்‌ஷன்ல நான் மட்டும்தான் போனேன். "இன்னா ஸ்டெல்லா, பைத்தியத்துக்கு வைத்தியம் பாக்கப் போறியா?"ன்னு மொதல்ல சிரிச்சவரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற தாஸ் அண்ணன்.

இன்னிக்கு சாப்பாட்டு நேரத்துல அவரு வண்டிய விட்டு எறங்கவேயில்ல. டிபன் பாக்ஸைத் தொறக்காம மடியில வச்சுகினு இருந்தாரு. "இன்னாண்ணா ஆச்சு?"ன்னு கேட்டேன். பயிற்சியில சொன்ன மாதிரி, அவரே சொல்லட்டும்னு பக்கத்துலயே நின்னேன்.

"தூக்கமே இல்லம்மா. எதுக்கு உசுரோட கீறேன்னே தெரியல."

சுத்தி வளைக்காம கேக்கணும்னு பயிற்சியில சொல்லியிருந்தாங்க, நேராவே கேட்டுட்டேன்: "செத்துடலாம்னு தோணுதாண்ணா?"

அழுதுட்டாரு. "ஆமாம்மா. நீதான் மொதல்ல கேக்குற."

அவரத் தனியா விடல. சூப்பர்வைசர்கிட்ட அண்ணனுக்கு உடம்பு சரியில்லன்னு மட்டும் சொன்னேன். அண்ணன் சம்சாரத்த போன் பண்ணி வரவழைச்சேன். மூணு பேரும் ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் அவர அங்கயே சேத்துக்கினாரு.

இப்பதான் அண்ணி போன் பண்ணாங்க. தூங்குறாராம். நாளைக்கு யார்டுல அண்ணனுக்கு இன்னாச்சுன்னு கேட்டா இன்னா சொல்றதுன்னுதான் தெரியல.

ஆனாலும் என்னய நெனச்சா எனக்கே பெருமையா கீது.