அழிக்கும் முன் பார்த்தேன்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள். இங்கே என் இடது முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சுகம். போனில் பேசினால் நான் ஒரு வரி முடிப்பதற்குள் நீ நாலு வரி சொல்லிவிடுகிறாய். அதனால்தான் கடிதம். இதில் நீ குறுக்கே பேச முடியாது.

முதலில் வேலை விஷயம். எங்கள் ஆஸ்பத்திரியில் ஆவணப் பிரிவை முழுக்கக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறார்கள். வரும் திங்கட்கிழமை எங்களுக்கெல்லாம் பரீட்சை. தேறினால் வேலை, தேறாவிட்டால் வீடு. இருபத்து நாலு வருஷமாக நோயாளிகளின் கேஸ் ஷீட் அடுக்கியவள் நான். பழகிப் பார்க்க ஆஸ்பத்திரி மெஷினைத் தொடக் கூடாது என்று மேலாளர் சொல்லிவிட்டார். நீ என்ன சொன்னாய்? "விடுக்கா, இந்த வயசுல உனக்கெதுக்கு இதெல்லாம், வீட்டை வித்துட்டு எங்ககூட வந்து இரு, பிள்ளைங்களைப் பாத்துக்கவும் ஒரு ஆள் ஆச்சு" என்றாய். அந்தக் கடைசி வார்த்தை என் காதில் நன்றாகவே விழுந்தது.

அன்று மாலையே, போன வருஷம் நீ புதுசு வாங்கியதும் பரணில் போட்டுவிட்டுப் போன பழைய லேப்டாப்பை இறக்கினேன். ஆன் செய்தால் விண்டோஸ் வருவதற்குள் சோறு வெந்துவிடுகிறது. கடை மெக்கானிக் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். நீயும் அதையேதான் சொன்னாய். எங்கள் எக்ஸ்ரே டெக்னீஷியன் மட்டும், விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்டால் ஓடும், காசும் கிடையாது, ஆனால் அதில் நூறு வகை இருக்கிறது, உங்களுக்குத் தோதானதை நீங்கள்தான் பார்த்து எடுக்க வேண்டும் என்றார். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது.

எனக்குத் தெரிந்தது ஒரே வழி. லேப்டாப்புக்கு ஒரு கேஸ் ஷீட் எழுதினேன். வயது பன்னிரண்டு. நினைவகம் இரண்டு ஜி.பி. தொல்லை: சூடு, இரைச்சல், மறதி. லினக்ஸை முதலில் பென் டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம், உள்ளே எதுவும் மாறாது என்று டெக்னீஷியன் சொன்னார். அதைப் 'புறநோயாளி' என்று குறித்துக்கொண்டேன். டிஸ்க்கில் நிரந்தரமாகப் பதிவது 'அட்மிஷன்'.

முதலில் உபுண்டு, எல்லோரும் சொல்கிற பெயர் என்பதற்காக. அழகுதான். ஆனால் நம் இரண்டு ஜி.பி. அதற்கு யானைப் பசிக்குச் சோளப்பொரி. திரையில் அம்பு நகரவே மாட்டேன் என்றது. அடுத்து மிகச் சின்ன வகை ஒன்று. அது சிட்டாகப் பறந்தது, ஆனால் எது எங்கே இருக்கிறது என்று தேடியே என் பொழுது போயிற்று. மூன்றாவது லினக்ஸ் மிண்ட். அதிலும் எக்ஸ்.எஃப்.சி.இ. என்ற எளிய பதிப்பு. ஒரே நேரத்தில் இரண்டு வேலை சொன்னால் முனகும், ஒன்றொன்றாகச் சொன்னால் செய்துவிடும். நானும் அப்படித்தான். அதற்கே அட்மிஷன் போட்டேன்.

பதியும்போது, டிஸ்க்கில் இருப்பதையெல்லாம் அழிக்கவா என்று கேட்டது. என் கை நின்றுவிட்டது. எங்கள் பிரிவில் ஒரு துண்டுச் சீட்டைக்கூடப் பார்க்காமல் கிழிப்பதில்லை. படித்து, தேதி குறித்து, பட்டியல் எழுதின பிறகுதான் கிழிப்போம். வேறு யாராக இருந்தாலும் பொத்தானை அமுக்கியிருப்பார்கள். நான் அதை நிறுத்திவிட்டு உன் டிஸ்க்கைத் திறந்து உட்கார்ந்து பட்டியல் எழுதினேன். பிள்ளைகளின் படங்கள், உன் ஆபீஸ் கடிதங்கள், பிறகு 'வீடு' என்று ஒரு ஃபோல்டர்.

அதில் என் பெயரில் ஒரு பத்திரம் அடித்து வைத்திருக்கிறாய். வருமானம் ஏதும் இல்லாத நான், என் சொந்த விருப்பத்தின் பேரில், இந்த வீட்டில் என் பங்கைத் தம்பிக்கே விட்டுக்கொடுக்கிறேனாம். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. என் வயதில் வேறு நாலு கூட்டியிருக்கிறாய். தேதி பார்ப்பது என் தொழில், பார்த்தேன். அம்மா கடைசியாக வார்டில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்த வாரம். கட்டிலோரம் இந்த லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு நீ தட்டிக்கொண்டே இருந்தாய். பாவம், லீவு போட்டும் ஆபீஸ் வேலை இவனை விடவில்லையே என்று நான் கேன்டீனுக்குப் போய் டீ வாங்கி வந்து கொடுத்தேன்.

படங்களையும் ஆபீஸ் கடிதங்களையும் ஒன்று விடாமல் இத்துடன் வரும் பென் டிரைவில் எடுத்து வைத்திருக்கிறேன். அந்தப் பத்திரமும் அதில் இருக்கிறது. எழுதியவனிடம் அது போய்ச் சேர வேண்டும். ஒரு நகல் என் பீரோவில் இருக்கிறது. அதற்குப் பிறகுதான் 'அழி' என்று அமுக்கினேன். அரை மணி நேரத்தில் மிண்ட் உள்ளே உட்கார்ந்துவிட்டது. ஒன்பது நாளாக அதில்தான் பழகுகிறேன். இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான், தப்பு இருந்தால் என் விரலைத் திட்டு, லேப்டாப்பைத் திட்டாதே.

திங்கட்கிழமை தேறுவேனா தெரியாது. நிமிஷத்துக்கு இருபத்தைந்து வார்த்தை கேட்கிறார்கள், எனக்குப் பத்தொன்பதுதான் வருகிறது. தேறவில்லையென்றால் உடனே பெட்டி கட்டிக்கொண்டு உன் வாசலில் வந்து நிற்பேன் என்று நினைக்காதே. வேறு ஆஸ்பத்திரி இருக்கிறது, டைப் அடிக்க ஆள் தேடுகிற வக்கீல்கள் இருக்கிறார்கள். தேறினாலும் சரி, தேறாவிட்டாலும் சரி, கையெழுத்து கிடையாது. சித்தப்பாவைத் தூது அனுப்பாதே. உன் பங்கு உனக்கு, அதில் ஒரு செங்கல்கூட எனக்கு வேண்டாம். என் பங்கில் நான் இருப்பேன்.

உன்னிடம் விளக்கம் கேட்டு இதை எழுதவில்லை. அந்த வாரம் உனக்கு என்ன கஷ்டம் என்று எனக்குத் தெரியாது. என்றைக்காவது சொல்லத் தோன்றினால் நேரில் வந்து சொல். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வா. நாலு நாள் இரு, வாய்க்கு ருசியாகச் சாப்பிடு, நன்றாகத் தூங்கு. நோய் நொடி இல்லாமல் நீ நூறு வருஷம் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என்னைக் கேட்காமல் என் பெயரில் இனி ஒரு வரி எழுதாதே.

இப்படிக்கு,
தன் கையெழுத்தைத் தானே போடுகிற
உன் அக்கா