தடிக்கு முன்னால் நீட்டிய அட்டை

15 நவம்பர் 1986, சனி

இவரோடு இனி எனக்குப் பேச்சில்லை. புருஷன் என்றாலும் இல்லை.

போன கிழமை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த என் அண்ணையை இன்று முதல்முறையாக டொரோண்டோ சப்வேயில் கூட்டிப்போனோம். இவர் டோக்கனைப் போட்டு, வழியை மறித்திருந்த இரும்புத் தடியைத் தள்ளிக்கொண்டு முன்னே போய்விட்டார். அண்ணை தடியடியில் நின்றுவிட்டார். கண்ணாடிக் கூண்டுக்குள் யூனிஃபோம் போட்டவனைக் கண்டதும் அடையாள அட்டையை எடுத்து நீட்டினார். கேட்காமலே கோட்டைத் திறந்து, ஆயுதம் ஒன்றும் இல்லை என்று இடுப்பையும் காட்டினார்.

கூண்டுக்காரன் விளங்காமல் பார்த்தான். சிரித்தது இவர்தான்.

"மச்சான், உது ஊரில ஆமிக்காரன் மறிச்சு அட்டை பார்க்கிற சென்றி இல்லை. டோக்கனைப் போட்டிட்டு வாரும்!"

"ஓம், ஓம்" என்றார் அண்ணை. டோக்கனை நான்தான் போட்டேன். அவர் அட்டையை உள்ளே வைக்கவே இல்லை.

பின்னேரம் சிநேகிதர்கள் வந்தபோது இவர் எழும்பி நின்று அதை நடித்தும் காட்டினார். அண்ணையும் சேர்ந்து சிரித்தார்.

"விடுங்கோ இனி" என்றேன்.

"பகிடிதானே, உமக்கென்ன?" என்றார்.

போன வருடம் வவுனியாச் சென்றியில் அண்ணையின் மூத்த மகனை பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். அவன் அட்டையை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருந்தான். இன்னும் திரும்பவில்லை. இது இவருக்கு நன்றாகத் தெரியும். பக்கத்தில் குறட்டை விட்டுக்கொண்டு கிடக்கிறார்.