தாய்மாமன் மடி

அன்பு மகள் பாண்டிச்செல்விக்கு மன்னவனூரிலிருந்து அப்பா எழுதுவது. குழந்தை வேலப்பர் துணையில் நானும் அம்மாவும் உன் அண்ணன் முருகவேலும் நல்லபடியாக இருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பாப்பாவும் அப்படியே இருக்க வேண்டும். போனில் பேசினால் அண்ணன் பக்கத்திலேயே நிற்கிறான், அதனால்தான் பேனா எடுத்தேன். அவனுக்கு வந்த மனச்சிதைவு பாப்பாவுக்கும் வருமோ, புத்தி மந்தமாகுமோ என்று போன மாதம் அழுதாயே, வத்தலக்குண்டில் அவனைப் பார்க்கும் டாக்டரம்மாவிடம் கேட்டுவிட்டேன். கேட்டு வாய் மூடவில்லை, உன் அம்மா முந்திக்கொண்டு, இவன் வயித்துல இருக்கையில பூண்டுக் காட்டுல நனைஞ்சு காய்ச்சல்ல கெடந்தேன், பெறந்ததும் வெரசா அழுகலை, அதனாலதானுங்களா என்று தேம்பினாள். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். கர்ப்பத்தில் வரும் கடும் காய்ச்சல், சாப்பாட்டுக் குறைவு, பிரசவத்தில் மூச்சுத் திணறல், சின்ன வயதில் பட்ட அடியும் பயமும் எல்லாம் இந்த நோய் வரும் வாய்ப்பைக் கொஞ்சம் கூட்டலாமாம், படிப்பில் பின்தங்கவும் வைக்கலாமாம், பரம்பரையும் சேர்ந்துகொள்ளுமாம். ஆனால் அதையெல்லாம் பட்ட பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்களாம், இன்னதால் வந்தது என்று யாரையும் கை காட்ட முடியாதாம். மாமனுக்கு இருந்தால் பாப்பாவுக்கும் வரும் என்றில்லை, நல்லா ஊட்டி, பேசிச் சிரிச்சு, பயமுறுத்தாம வளக்கச் சொல்லுங்க, அதுதான் நம்ம கையில இருக்கு என்றார். எப்போதும் மலைப்பாதை வளைவில் வாந்தி எடுக்கிற உன் அம்மா அன்று ஊர் வரும்வரை தூங்கினாள்.

அங்கே இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த முருகவேல், கிளம்பும் முன், பாப்பாவ என் மடியில வச்சுக் காது குத்துனா என் சீக்கு ஒட்டிக்குமா என்று டாக்டரம்மாவைக் கேட்டான். உன் மாமியார் வேறு யாராவது மடியில் வைக்கலாமே என்றதும், எங்க அண்ணன் மடியிலதான், இல்லேன்னா காதே குத்த வேண்டாம் என்று நீ நின்றதும் அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அதெல்லாம் ஒட்டாதுப்பா, மாத்திரைய விடாமப் போடு, போய்ப் புதுச்சட்டை எடு என்றார் அந்தப் புண்ணியவதி.

மாத்திரையால் அவனுக்குக் கை நடுங்குமல்லவா, குத்தும்போது பாப்பா தலை அசைந்துவிடுமோ என்று இப்போது அதே சோலியாகத் திரிகிறான். பக்கத்து வீட்டு ராஜகுமாரியின் ஆட்டுக்குட்டியை மடியில் வைத்துப் பிடித்துப் பழகுகிறான், வேட்டியெல்லாம் ஆட்டு வாடை என்று அம்மா வைகிறாள். நேற்று குட்டி மடியிலேயே தூங்கிவிட்டது, எழுந்தால் முழித்துக்கொள்ளும் என்று சாப்பிடக்கூட வரவில்லை. ஊரே பேய் பிடித்தது என்றபோது நீதான் அவனை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாய், இப்போது மடியையும் கொடுத்திருக்கிறாய். மகளுக்கு நன்றி சொல்லும் வழக்கம் நம் வீட்டில் இல்லை, நான் சொல்கிறேன்.

தை மாதம் காது குத்துக்குப் பூம்பாறை வேலப்பர் கோயிலுக்கு வந்துவிடுங்கள். பாப்பாவுக்குக் காது மூடும் குல்லா மறக்காதே, குளிர் கடுமை. நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும். பாப்பாவுக்கு எந்தக் கலரைக் கண்டால் சிரிப்பு வரும் என்று அண்ணனிடமே போனில் சொல்லிவிடு, அது தெரியாமல் தனக்குச் சட்டை எடுக்க மாட்டானாம்.

இப்படிக்கு,
உன் அப்பா
பழனிமுத்து